மஞ்சள் கோடுகளுக்கு நடுவே

மண்ணூருக்குச் சற்று உள்ளே, லாரிகள் நிற்கும் திடலுக்குப் பின்னால் ஒரு பங்களா இருக்கிறது. ஊரில் அதற்குத் துரை பங்களா என்று பெயர். எந்தத் துரை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஏரி மதகுகளைப் பார்வையிட வந்த வெள்ளைக்காரர் கட்டினார் என்பார்கள். அவருக்குப் பின் ஒரு நெல் வியாபாரி அதை வாங்கி, விருந்து நடந்த கூடத்தில் மூட்டைகளை அடுக்கினாராம். இப்போது கிடங்கு கட்டுவதற்காக அதை இடிக்கப் போகிறார்கள்.

என் மகள் தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் கட்டடக்கலை படிக்கிறாள். இடிப்பதற்குள் அதை அளந்து வரைய வேண்டும் என்றாள். நானும் கிளம்பினேன். அவளைத் தனியாக அனுப்பினால் எனக்கு எந்த வேலையும் ஓடாது.

"நீ வந்து இன்னாப்பா பண்ணப் போற?"

"டேப்போட இன்னொரு முனையைப் புடிச்சிக்கிறேன்."

கூடத்துக்குள் போனதும் வெளியே ஓடிய லாரிகளின் சத்தம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் ஆனது. கதவுகளுக்கு மேல் அரைவட்டமாகப் பச்சை, சிவப்புக் கண்ணாடிகள். அவற்றின் நிறம் தரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே வரிசையாகத் தேக்கு விட்டங்கள். அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பு போட்டுத் தளம் எழுப்பியிருந்தார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று மகள் சொன்னாள். சுவரைத் தொட்டேன். பளிங்குபோல் குளிர்ந்தது.

"முட்டை வெள்ளை போட்டுத் தேச்சது சார்," என்றார் காவலாளி. ஒரகடத்துக் கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலை பார்த்து ஓய்ந்தவர். "இம்மாம் பெரிய வூட்டுக்கு எத்தினி முட்டை! பாவம், துரைக்கு ஆம்லெட்டு கிடைச்சிதோ இல்லியோ."

மகள் சிரித்தாள். வாசலில் ஹாரன் கேட்டு அவர் கேட்டைத் திறக்கப் போனார். கூடத்தின் உயரத்தை அளக்க மகள் மொட்டை மாடிக்கு ஏறி, கூரை நடுவிலிருந்த வெளிச்சத் துளை வழியே டேப்பை இறக்கினாள். நான் கீழே அதன் முனையைப் பிடித்து நின்றேன். அளவைக் குறித்துக்கொண்டதும் மேலிருந்து குரல் வந்தது.

"அப்பா, அந்தக் கோடி வரைக்கும் ரெண்டு மஞ்சள் கோடு போட்டு வெச்சிருக்காங்க. எதுக்கு?"

இருபது வருடமாகக் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறேன். அங்கே ஆட்கள் நடக்கும் பாதையின் இரு ஓரமும் மஞ்சள் கோடுதான்; எனக்குத் தெரியாதா? அண்ணாந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்: "நடக்குற பாதைம்மா. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நட."

நாலு காலடிச் சத்தம் கேட்டது. பிறகு கூரையிலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்து, சிவப்பு வெளிச்சத்தில் மிதந்து இறங்கியது. என்ன அழகு என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அடுத்து என் காலருகே அவள் செருப்பு விழுந்தது. நிமிர்ந்தால், இரண்டு விட்டங்களுக்கு நடுவே என் மகளின் கால் தொடைவரை தொங்கிக்கொண்டிருந்தது.

நான் கத்தினேனா என்பது நினைவில்லை. காவலாளி ஓடி வந்து மாடியேறினார். அவர் குரல் மட்டும் கேட்டது. "அசையாத பாப்பா! கோட்டு மேல கையை ஊணிக்கோ!"

நான் படியேறிப் போவதற்குள் அவளை வெளியே இழுத்துவிட்டார். தொடையெல்லாம் சிராய்ப்பு, தலைமுடி முழுக்கச் சுண்ணாம்பு. எலும்பு எதுவும் முறியவில்லை.

"கோட்டு மேலதான் நடக்கணும் பாப்பா. கீழ நல்ல விட்டம் எங்க கீதோ, அதும் மேலதான் பெயிண்ட் அடிச்சி வெச்சிகிறேன். நடுவுல கீறதெல்லாம் உளுத்த மரம். எவன் உன்னை நடுவுல நடக்கச் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். "யாரும் சொல்லல அண்ணா. நானாதான் நடந்தேன்."

நான் அவள் தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் கம்பெனியில், கூட வேலை செய்பவர் கேட்டார்: "இன்னா சார், சர்க்கஸ்ல கயிறு மேல நடக்குற மாதிரி வரீங்க?" குனிந்து பார்த்தேன். பாதையை விட்டுவிட்டு மஞ்சள் கோட்டின் மேலேயே நடந்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் மறுபடி போனாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன்; ஆனால் நானும் கூடவே கிளம்பினேன். டேப்பின் முனையைப் பிடித்துக் கூடத்தில் நின்றேன். இந்த முறை காவலாளியும் அவளோடு மேலே இருந்தார்.

"அப்பா, எப்படி நடக்கட்டும்?" சிரிப்பு கலந்த குரல்.

"பக்கத்துல நிக்கிறாரே, அவரைக் கேளும்மா."

டேப் என் கையில் லேசாக இழுபட்டது. கண்ணை மூடாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.