வாளிக்கு வந்த மான்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு மானைத்தான் வேட்டையாடியிருக்கிறேன். அதுவும் நான் தேடிப் போனதில்லை, அதுவாக என்னைத் தேடி வந்தது. முள்ளில் கிழிபட்டு, மூச்சை அடக்கி, காத்துக் கிடந்து வேட்டையாடியவர்கள் இதைப் படித்தால் காறித் துப்புவார்கள். துப்பட்டும், துடைத்துக்கொள்கிறேன். பழக்கம்தான்.

இரண்டாயிரத்துப் பத்து, பதினொன்று இருக்கும். ஒரகடத்தில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனி கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தலைமுழுகிவிட்டதால், எனக்குக் கிடைத்த இலாகா அண்டா கழுவுவது. இருபத்தாறு வயதில் என் கையைப் பார்த்தால் எழுபது வயதுக்காரன் கை மாதிரி ஊறிப்போய் இருக்கும்.

அந்தக் கம்பெனிக்குச் சுவர் எழுப்பும்போது, பின்பக்கம் இருந்த முள்ளுக்காட்டையும் சேர்த்து வளைத்துவிட்டார்கள். காட்டில் மேய்ந்துகொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு புள்ளிமான்களும் உள்ளே மாட்டிக்கொண்டன. கொஞ்ச நாளில் புல் தீர்ந்துபோனது. அப்புறம் அவை கேன்டீனை நம்பித்தான் பிழைத்தன. மதியம் இரண்டு மணிக்கு, முதல் ஷிப்ட் சாப்பாடு முடிந்ததும், மிச்சமான சோற்றையும் சாம்பாரையும் வாளியில் அள்ளிக்கொண்டு நான் பின்பக்கம் போவேன். வாளி மூடியைக் கரண்டியால் நாலு தட்டு தட்டுவேன். எல்லாம் வந்துவிடும். அதில் காது கிழிந்த பெட்டை ஒன்று எப்போதும் முதலில் வரும். வாளிக்குள் தலையை விட்டுத் தின்றுவிட்டு, கடைசியில் என் கையை நக்கும். பாசம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். உப்புக்காக நக்குகிறது என்று சமையல்காரர் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை கான்ட்ராக்டர் வந்தார். எங்களை வேலைக்கு வைத்ததும் அவர்தான், நினைத்தால் கேட் பாஸைப் பிடுங்குகிறவரும் அவர்தான். அண்டாவுக்குள் தலையை விட்டிருந்த என்னை வெளியே கூப்பிட்டார்.

"டேய், அடுத்த மாசம் கேன்டீன்லேர்ந்து ஒர்த்தன லைனுக்கு எடுக்கறாங்கோ. தெரியுமா?"

"யாருண்ணே அது?"

"அத்த நான்தான் சொல்லணும். மச்சான் வூட்ல விசேஷம் கீது. மான் கறி துன்னணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். உன்னாண்டதான் மானுங்க வர்துங்களே."

"அது சாம்பார் சோறு துன்ன வர்துண்ணே."

"அதாண்டா சொல்றேன். எடுத்தாந்தா லிஸ்ட்ல உன் பேரு. இல்லாங்காட்டி அண்டாவத் தேச்சிகினே கெட."

லைன் என்றால் என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். வரிசையாக மெஷின் போட்டுப் பார்ட்ஸ் செய்கிற இடத்தில் வேலை. சாம்பல் நிற பேன்ட், ஷூ, கழுத்தில் கயிறு போட்ட அட்டை. எல்லாவற்றையும் விட, கம்பெனி பஸ். நாங்கள் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வெளியே தொங்கவிட்டு வருவோம். லைன் ஆட்கள் பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போவார்கள். வாயைத் திறந்து தூங்குகிற அந்த மூஞ்சிகளைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை எந்த நடிகனைப் பார்த்தும் வந்ததில்லை. எனக்கு அந்த சீட் வேண்டும். ஒரு மான்தானே.

துப்பாக்கி இல்லை, இருந்தாலும் சத்தம் கேட்கும். கண்ணி வைக்கத் தெரியாது. கத்தி கேன்டீனில் நிறைய இருக்கிறது. ஆனால் என் கையை நக்குகிற ஒன்றின் கழுத்தில் அதே கையால் கத்தி வைக்க எனக்குத் தைரியம் இல்லை. தைரியம் இல்லாதவன்தான் தூரத்திலிருந்து கொல்லும் சாமானைத் தேடுவான்.

மெயின்டனன்ஸில் ஒரு வெல்டர் அண்ணன் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். நிரந்தர ஆள், பஸ் ஆள். ஊரில் முயல், காட்டுப்பன்றி எல்லாம் அடித்ததாகச் சொல்லிக்கொள்வார். விஷயத்தைச் சொன்னதும் என்னை பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப்போய் ஒரு வீடியோ காட்டினார். இலை மாதிரி சட்டை போட்ட வெள்ளைக்காரன் ஒருவன், துப்பாக்கிக்குக் குறுக்கே வில்லைக் கட்டின மாதிரி ஒரு சாமானை வைத்து மானை அடித்தான். மான் நாலடி ஓடி மரியாதையாகச் செத்தது.

"பாத்தியால? சத்தமே இல்ல. இத நான் ரெண்டு நாள்ல அடிச்சிருவேன். ஒரு தொடை எனக்கு, கேட்டியா?"

"உனுக்கு சுடத் தெரியுமாண்ணே?"

"செய்யுதது நான். சுடுதது நீ. உன் மான்லா?"

அவரும் வாழ்க்கையில் எலியைக்கூட அடித்ததில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஸ்கிராப்பில் கிடந்த இரும்புப் பட்டை ஒன்று வில்லானது, பேக்கிங் பெட்டிப் பலகை கட்டையானது, பைக் கிளட்ச் கேபிள் நாணானது. வில்லுத்துப்பாக்கி என்று பெயர் வைத்தோம். அம்புக்குக் கம்பி. அந்தக் கம்பெனியில் எந்தச் சாமானாக இருந்தாலும் எந்த டிபார்ட்மென்டுடையது என்று தெரிய ஒரு கலர் அடிக்க வேண்டும். மெயின்டனன்ஸ் என்றால் நீலம், அதன் மேல் ஒரு வெள்ளை வளையம். ஸ்பேனர், சுத்தியல், விளக்குமாறு வரைக்கும் அப்படித்தான். புல்லில் விழுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அம்புகளின் பின்பக்கத்தில் அண்ணன் அதே பெயின்ட்டை அடித்தார், வளையத்தோடு. அவ்வளவு வருஷப் பழக்கம், கை தானாகப் போயிருக்கிறது. எனக்கும் உறைக்கவில்லை. அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

ஏரிக்கரையில் வாழைமரத் தண்டை நட்டு வைத்துப் பழகினேன். காலால் மிதித்து இரண்டு கையாலும் நாணை இழுத்து மாட்ட வேண்டும். முதல் தடவை மாட்டும் முன்பே நழுவி, கட்டைவிரல் நகத்தைக் கொண்டுபோய்விட்டது. இரண்டாவது அம்பு வாழைத்தண்டுக்கு ஒரு ஆள் தூரம் தள்ளிப் பறந்து, ‘குப்பை கொட்டாதீர்’ பலகையில் குத்தி நின்றது.

"குப்பையத்தான் கரெக்டா அடிச்சிருக்க" என்றார் அண்ணன். "ஏல, மான் அந்தப் பக்கம் நின்னா உனக்கு யோகம்."

சாயங்காலம் வரைக்கும் அடித்ததில் தண்டில் மூன்று அம்பு ஏறியது. எனக்கு நடையே மாறிவிட்டது. திரும்பி வரும்போது ஒரு நாய் குறுக்கே வந்தது. அதைக்கூட வேட்டைக்காரன் மாதிரிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அது என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

அடுத்த ஞாயிறு. லைன் கிடையாது, கேன்டீனில் செக்யூரிட்டிக்கும் மெயின்டனன்ஸுக்கும் மட்டும் சமையல். பின்பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. இரண்டு மணிக்கு வாளியை வைத்தேன். மூடியைத் தட்டினேன். அண்ணன் ஸ்கிராப் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்.

மான்கள் வந்தன. காது கிழிந்தது முதலில் வந்தது. அம்பு மாட்டி நான் தயாராக இருந்தேன். ஆனால் அன்றைக்கு வாளியில் சோறு கம்மி. நாலு வாய் தின்றுவிட்டு அது நேராக என்னிடம் வந்துவிட்டது. வில்லுத்துப்பாக்கி நீட்டமான சாமான். நுனிக்கும் மானுக்கும் நடுவில் இடமே இல்லை. பின்னால் போனேன், அதுவும் வந்தது. கட்டு போட்டிருந்த கட்டைவிரலை முகர்ந்தது.

"அடில!" என்று தொட்டிக்குப் பின்னாலிருந்து குரல்.

"கிட்டக்க வர்துண்ணே."

"கிட்ட வந்தா நல்லதுதானல, கோட்டிக்காரப் பயல!"

காலால் அதன் நெஞ்சைத் தள்ளினேன். இரண்டடி போய்த் திரும்ப வந்தது. இன்னும் பலமாக உதைத்தேன். விளையாட்டு என்று நினைத்ததோ என்னவோ, ஒரு துள்ளு துள்ளித் திரும்ப வந்தது. கொல்வதற்கு வசதியாகக் கொஞ்சம் தள்ளி நில் என்று ஒரு மானோடு மல்லுக்கட்டியவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கடைசியில் மண்ணை அள்ளி மூஞ்சியில் வீசினேன். அது தலையைத் திருப்பியது. கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினேன்.

திறந்து பார்த்தால் அம்பு பின்தொடையில் நின்றது. வீடியோவில் பார்த்த மாதிரி அது விழவில்லை. என்னைப் பார்த்தது. கத்தின மாதிரியும் இல்லை, இருமின மாதிரியும் இல்லை, ஒரு சத்தம் போட்டுவிட்டு மூன்று காலில் முள்ளுக்குள் ஓடியது. மற்ற மான்களும் சிதறின. கொஞ்ச நேரத்தில் அவை திரும்பி வந்து வாளியில் மிச்சத்தைத் தின்றன. நாங்கள் பொழுது சாயும் வரை முள்ளுக்குள் தேடினோம். கிடைக்கவில்லை.

"செத்துருக்கும்ல. நாளைக்குக் காக்கா காட்டிக் கொடுத்துரும்" என்றார் அண்ணன்.

திங்கட்கிழமை இரண்டு மணி. கேன்டீன் நிறைய ஆள். வாளியோடு பின்னால் போனேன். மூடியைத் தட்டாமல் விட்டிருக்கலாம். தட்டினேன், பழக்கம்.

அது முதலில் வரவில்லை, கடைசியில் வந்தது. காலை இழுத்துக்கொண்டு, தொடையில் கம்பியோடு, நீலமும் வெள்ளை வளையமும் வெயிலில் பளபளக்க, கேன்டீன் ஜன்னலுக்கு நேராக வந்து நின்று வாளிக்குள் தலையை விட்டது. ஈக்கள் மொய்த்தன. அது வாலை ஆட்டிக்கொண்டு சோறு தின்றது.

ஜன்னலில் லைன் பையன்கள் கூடிவிட்டார்கள். எல்லோர் கையிலும் கேமரா போன்.

"டேய், மானுக்கு ஆன்டெனா வெச்சிருக்காங்கடா!"

"சிக்னல் எடுக்குதா பாரு."

"கேன்டீன் சாப்பாட்ட துன்னா வாலு கம்பியாயிடும்போல, மச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். யாரும் என்னைச் சந்தேகப்படக் கூடாதே.

மூன்று மணிக்கெல்லாம் கான்ட்ராக்டர் வந்துவிட்டார். என்னை எண்ணெய் டின்களுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"மானைக் கேட்டா, மானுக்குக் குச்சி சொருகி மேய விட்டுகிறியா? நாளைக்கு ஃபாரஸ்ட்காரங்கோ வர்றாங்கோ. அதுக்குள்ள அது இங்க இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா நீ இருக்க மாட்ட."

"அது முள்ளுக்குள்ள பூட்ச்சிண்ணே."

"உன் வாளிக்கு வராதா?"

வரும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அதுவரை அது நாலு மணிக்குச் சோற்றைக் கண்டதே இல்லை. கழிவுநீர்த் தொட்டிக்குப் பின்னால், ஜன்னல் எதற்கும் தெரியாத இடத்தில் போய் நின்று மூடியை மெதுவாகத் தட்டினேன். ஒன்றுமில்லை. திரும்பத் தட்டினேன். முள் அசைந்தது. வந்தது. வழியில் இரண்டு தடவை படுத்து எழுந்து வந்தது. அன்றைக்கு வாளியில் நல்ல சோறு போட்டிருந்தேன், மிச்சம் இல்லை, பருப்பெல்லாம் போட்டு. அது தலையை உள்ளே விட்டதும் வாளியை இரண்டு கையாலும் அதன் மூஞ்சியோடு அணைத்துப் பிடித்தேன். அண்ணன் இரும்புக் குழாயை ஓங்கினார். முதல் அடி வாளி விளிம்பில் பட்டு மணி மாதிரி அடித்தது. வாளிக்குள்ளிருந்து அதன் மூச்சு என் மணிக்கட்டில் சுட்டது.

"ஒழுங்காப் பிடில!"

"பிடிச்சிகினுதாண்ணே கீறேன். நீ ஒயுங்கா அடி."

மூன்றாவது அடியில் முடிந்தது. கான்ட்ராக்டரின் காய்கறி வேனில் காலி கிரேட்டுகளுக்கு அடியில் வெளியே போனது. கேட்டில் யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. வாளியைக் கழுவி வைத்தேன், என் வேலைதானே அது. அண்ணனுக்குத் தொடை வரவே இல்லை. மறுநாள் கான்ட்ராக்டர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "உன் மானு சாம்பார் வாசன அடிக்குதுடா."

அன்றைக்கு வந்த ஃபாரஸ்ட்காரர்கள் மானைக் காணாமல் டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஆனால் போட்டோ இருந்தது. செக்யூரிட்டி ஆபீசர் ரிட்டையர்டு மிலிட்டரி. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, போனை நீட்டினார். படம் மங்கல். கம்பியில் ஏதோ கலர் என்று தெரிந்தது, என்ன கலர் என்று தெரியவில்லை.

"உன் வாளிக்குத்தான் அது வருது. உன் பேர் லைன் லிஸ்ட்ல இருக்கு. இப்பவும் இருக்கு. யாருன்னு சொல்லு. சொல்லலைன்னா நீதான்னு எழுதிக்கறேன்."

எனக்கு எழுத்துதான் வராது. கலர் எல்லாம் தெரியும். சுவரில் டிபார்ட்மென்ட் கலர் பலகை மாட்டியிருந்தது. பேசக்கூட இல்லை. விரலை நீட்டி, நீலத்தில் வெள்ளை வளையம் போட்ட கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். நகம் போன விரல்.

மெயின்டனன்ஸ் அலமாரியில் மிச்ச அம்புகள் இருந்தன, ஒழுங்காக, அளவு வாரியாக அடுக்கி. அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டபோது ஆமாம், நான் செய்ததுதான் என்று சொன்னாராம். யாருக்காக என்று கேட்டதற்கு, சும்மா என்று சொன்னாராம்.

அடுத்த மாதம் முதல் தேதி எனக்கு பேன்ட், ஷூ, அட்டை எல்லாம் வந்தது. ஷூ ஒரு அளவு பெரிது, உள்ளே துணி அடைத்துக்கொண்டேன். காலையில் சுங்குவார்சத்திரம் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றேன். அண்ணன் எதிரே டீக்கடை பெஞ்சில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார், வேலை போய், ஊருக்குப் போக. தப்பிக்க இடமில்லை. அவரே கூப்பிட்டார்.

"பேன்ட்டு நல்லாருக்குல."

"அண்ணே..."

"எந்த சீட்டு குடுத்துருக்கான்?"

"மூணாவது வரிசை. ஜன்னலு."

கொஞ்ச நேரம் டீயை ஆற்றினார்.

"என் சீட்டுதான் அது. அடில ஒரு போல்ட் லூஸு. சரி பண்ணணும் பண்ணணும்னு இருந்தேன், முடியல. கால ஊணி உக்காரு."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். வாயைத் திறந்து தூங்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசை. சீட் ஆடியது. காலை ஊன்றினேன், பெரிய ஷூ நழுவியது. ஒரகடம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் திறந்துதான் வந்தேன்.