கிருத்திகை அன்னிக்கு ஆடின கபடி

எங்க ஊர்ல யாராவது என்னைப் பாத்து "இன்னாக்கா, இந்த வருஷம் கப்பு உண்டா?"ன்னு கேட்டா, கேக்கறவங்க மூஞ்சில ஒரு சிரிப்பு ஒட்டிகினு இருக்கும். எனக்கு அந்தச் சிரிப்பு நல்லாத் தெரியும். இருந்தாலும் "உண்டு"ன்னுதான் சொல்லுவேன். திருத்தணி டீக்கடைல கேட்டாலும் அதுதான், அரக்கோணம் ரயில்ல கேட்டாலும் அதுதான். தோத்துடுவாங்கன்னு சொல்றதுக்கு ஊர்ல ஆளுக்கா பஞ்சம்? அதுக்கு நான் எதுக்கு?

கப்புன்னு சொல்றது எங்க வூட்டுக்குப் பின்னாடி இருக்கற பொம்பளப் புள்ளைங்க காலேஜோட கபடி டீமைப் பத்தி. எங்க தறி ஷெட்டுக்கும் அவங்க கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு சுவருதான், அதுலயும் பாதி இடிஞ்சு கெடக்குது. கரண்ட் இருந்தா பவர்லூம் ஓடும், நான் தறிக்கு நூல் தார் சுத்திகினு இருப்பேன். கரண்ட் போச்சுன்னா இடிஞ்ச சுவர் மேல போயி உக்காந்துடுவேன். அப்படித்தான் ஆரம்பிச்சது. அப்பறம் கரண்ட் இருக்க சொல்லோவே போக ஆரம்பிச்சேன். அதுக்கு எங்க பாவா, அதான் என் வூட்டுக்காரரு, ரொம்ப நாளு மூஞ்சியைத் தூக்கி வெச்சிகினு இருந்தாரு. இப்ப பழகிடுச்சு. அவரே "போ, உன் புள்ளைங்க கத்துதுங்க"ன்றாரு.

சின்ன வயசுல கபடி ஆட ஆசைப்பட்டு, வூட்ல விடாம, அந்த ஏக்கத்துலதான் நான் இப்படி இருக்கேன்னு நினைக்கறவங்க உண்டு. ஒரு டீச்சரம்மா என் கையைப் புடிச்சிகினு பரிதாபமாவே கேட்டாங்க. அதெல்லாம் ஒரு மண்ணும் இல்ல. பஸ்ஸைப் புடிக்க ஓடினாலே எனக்கு மூச்சு வாங்கும். எனக்குப் பாக்கப் புடிக்கும், அவ்ளோதான். ஒரு பொண்ணு மூச்சை அடக்கிகினு எதிர்ப்பக்கம் போயி, ஏழு பேர் நடுவுல நின்னு, யாரைத் தொடலாம்னு கண்ணை ஓட்டுவா பாருங்க, அப்ப எனக்கு ஒரு பயம் எழும்பும். அந்தப் பயத்துக்காகத்தான் போறேன்.

மாஸ்டருங்க வருவாங்க, போவாங்க. எல்லாரையும் நான் நம்பினேன். ஒருத்தர் புள்ளைங்களை மரத்தடில உக்கார வெச்சு ரூல்ஸை மட்டுமே சொல்லிக்குடுத்தாரு. அடிப்படை நல்லா இருக்கணும் இல்லன்னு டீக்கடைல வாதாடினேன். இன்னொருத்தர் முருகன் கோயில் மலைப்படில ஏத்தி இறக்கி ஓட விட்டாரு, போட்டி அன்னிக்கு பாதிப் பொண்ணுங்களுக்கு முட்டி வீங்கிப் போச்சு. இந்தக் காலெல்லாம் அடுத்த வருஷம் இரும்பா இருக்கும்னு சொன்னேன். "நீ நம்பாத மாஸ்டர் ஒருத்தனாவது உண்டாடி?"ன்னு பாவா கேப்பாரு. இல்ல. எதுக்கு நம்பாம இருக்கணும்? விடிஞ்சதும் வர்றாங்க, வெயில்ல நிக்கறாங்க, தொண்டை கிழியக் கத்தறாங்க. அவங்களை நம்பறதுக்கு என் வூட்டு சொத்தா கரையுது?

அதுக்கப்பறம் வந்தவருதான் நான் சொல்ல வந்த மாஸ்டரு. திருநெல்வேலிப் பக்கத்து ஆளு, சின்ன வயசு, வேலையும் நிரந்தரமில்ல. வருஷா வருஷம் காலேஜ் வெச்சிகினா உண்டு. அவர் பேசற பேச்சைக் கேட்டு புள்ளைங்க மொதல்ல விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க. "தூக்காத, காலைப் பிடிளா"ன்னுவாரு. கணுக்காலைப் புடிக்கறது, மூணு பேரு கையைக் கோத்துகினு ரைடரை வளைக்கறது, இதையே திரும்பத் திரும்ப ஆட விட்டாரு. திருவாலங்காட்டுலேர்ந்து வர்ற ஒரு பொண்ணு, கரும்புத் தோட்டத்துல வேலை செய்யறவங்க வூட்டுப் பொண்ணு, கேப்டன். அது கணுக்காலைப் புடிச்சா புடிச்சதுதான், மாடு இழுத்தாலும் விடாது. இந்த வருஷம் கப்புன்னு நான் சொன்னப்ப, என் வாழ்க்கைல மொத தடவையா பாவா எதுத்துப் பேசல.

அந்த வருஷம் மண்டலப் போட்டி எங்க கிரவுண்டுலயே நடந்தது. போட்டிக்கு மின்னாடியே காலேஜை நடத்தற தாளாளரு சொல்லிட்டாரு, இந்தத் தடவையும் மொத ரவுண்டுலயே தோத்தா கபடியும் வேணாம், மாஸ்டரும் வேணாம், கிரவுண்டுல காலேஜ் பஸ்ஸை நிறுத்திக்கலாம்னு. ஆபீஸ்ல கூட்டற அம்மா வந்து என்கிட்ட சொல்லிச்சு. எனக்கு அன்னிக்கு சோறு இறங்கல.

போட்டி நாள் கிருத்திகைல வந்துடுச்சு. எங்க ஊர்ல கிருத்திகைன்னா முருகனுக்கு விரதம். பாதி ஊரு காலைலேர்ந்து சாப்பிடாது, சாயங்காலம் மலையேறி சாமியைப் பாத்துட்டுதான் வாயில ஏதாவது போடும். நானும் விரதம்தான். ஆனா நான் சுவர் மேல உக்காந்துகினு இருக்கறவ.

மொத பாதில எங்க புள்ளைங்க ஆடின ஆட்டத்தை இப்ப நினைச்சாலும் உடம்பு சிலுத்துக்குது. வந்தவளையெல்லாம் மடக்கிப் போட்டுதுங்க. எதிர் டீம் மாஸ்டரு தலைல கையை வெச்சிகினு நின்னாரு. இடைவேளை வந்தது, நாங்கதான் மின்னாடி. எங்க மாஸ்டரு ஆரஞ்சை உரிச்சு உரிச்சு ஆளுக்கு நாலு சுளை குடுத்தாரு. புள்ளைங்க வாங்கிச்சுங்க. வாயிகிட்ட கொண்டு போச்சுங்க. அப்பறம் துண்டால மூஞ்சியைத் தொடைக்கற மாதிரி சுளையைத் துண்டுக்குள்ள உட்டுகிச்சுங்க. ஒருத்தி இல்ல, எல்லாரும்.

எனக்கு சுருக்குன்னுச்சு. தெற்கத்தி ஆளுக்கு என்ன தெரியும்? இந்த ஊர்க்காரிக்குத் தெரியாதா? "ஏண்டி, நாஷ்டா தின்னியா இல்லியா?"ன்னு கேப்டன் பொண்ணைக் கேட்டேன். அது உதட்டு மேல வெரலை வெச்சு, மலைப்பக்கம் கையைக் காட்டிச்சு. அதுக்குள்ள ரெஃப்ரி கூப்டுட்டாரு.

ரெண்டாவது பாதில புடிச்ச கை வழுக்கிச்சு. ஓடற காலு பின்னிகிச்சு. ரைடு போன ஒரு பொண்ணு கண்ணு இருட்டி, கோட்டுக்கு ஒரு கை தூரத்துல அப்படியே உக்காந்துடுச்சு. மொத ரவுண்டுலயே தோத்தோம்.

ஆட்டம் முடிஞ்சு அழுதுகினேதான் விஷயத்தைச் சொல்லிச்சுங்க. ஜெயிக்கணும்னு கேப்டன் வேண்டிகிச்சாம். டீமே சேந்து விரதம். ஜெயிச்ச கையோட மலையேறி, சாமியைப் பாத்த பிறகுதான் பல்லுல பச்சத்தண்ணி படணும்னு வேண்டுதல். "ஏன்ளா என்கிட்ட சொல்லல?"ன்னாரு மாஸ்டரு. "சொன்னா நீங்க சாப்பிட வெச்சிடுவீங்க சார்"ன்னுச்சு அந்தப் பொண்ணு. ஜெயிக்கறதுக்காகவே பட்டினி கெடந்து தோத்த டீமு இந்த பூமில எங்களுது ஒண்ணாத்தான் இருக்கும். எனக்கு அழுகையும் வந்தது, அவளுங்களை நாலு சாத்து சாத்தணும்னும் இருந்தது.

திங்கக்கெழமை மாஸ்டரு பையைத் தூக்கிகினு ஆபீஸுக்குப் போறாருன்னு கேள்விப்பட்டு, சுத்திகினு இருந்த தாரை அப்படியே போட்டுட்டு ஓடினேன். தாளாளர் ரூமுக்கு வெளில பெஞ்சுல உக்காந்திருந்தாரு. "விரதத்தைப் பத்தி சொன்னீங்களா?"ன்னேன்.

"சொல்லல. நீங்களும் சொல்லிராதீங்கக்கா. பிள்ளைகளைத்தான் ஏசுவாங்க. என் வேலைதான, போயிட்டுப் போகுது."

"அது உங்க வேலை மட்டும் இல்ல"ன்னுட்டு கதவைத் தள்ளினேன். உள்ள உடமாட்டேன்னு பியூன் கையை நீட்டினான். அந்தக் கைக்குக் கீழயே குனிஞ்சு போயிட்டேன்.

தாளாளரு நெத்தி நெறைய விபூதியோட உக்காந்திருந்தாரு. "யாரும்மா நீங்க? பொண்ணு டீம்ல ஆடுதா?"

"எனக்கு ரெண்டும் பசங்க சார். செல்போன்லதான் ஆடுதுங்க."

"இங்க படிச்சவங்களா?"

"இல்ல. பின்னாடி தறி வூடு. சார், போன கிருத்திகைக்கு மலைக்குப் போனீங்களா?"

அவருக்கு ஒண்ணும் புரியல. "ஆங், போனேன். மாசா மாசம் போவேன். விரதம் விட்டதே கெடையாது."

"படி ஏறியா?"

"வெறும் வயித்துல எப்பிடிம்மா படி ஏறுவாங்க? கார்லதான்."

"உங்க காலேஜ் பேரைப் போட்ட பனியனைப் போட்டுகினு, அதே வெறும் வயித்துல, அந்தப் பொண்ணுங்க கபடி ஆடிச்சுங்க சார். காலேஜ் ஜெயிக்கணும்னு வேண்டிகினு."

அவரு மூக்குக் கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வெச்சாரு. "எல்லாருமா?"

"எல்லாரும். தண்ணிகூட குடிக்கல. அப்படி இருந்தும் மொத பாதில நாமதான் மின்னாடி. வயிறு நெறைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நீங்களே யோசிங்க."

"மாஸ்டர் ஏன் இதைச் சொல்லல?"

"பொண்ணுங்களை மாட்டி உட்டுட்டு அவரு தப்பிச்சுக்க மாட்டாரு. இப்படிப்பட்ட ஆளை அனுப்பிட்டு பஸ்ஸை நிறுத்தப் போறீங்க."

அவருக்குக் கோவம் வந்தது. எனக்கு அதுக்கு மின்னாடியே வந்துடுச்சு, அதனால நான் கையைக் கட்டிகினு நிக்கல. "அப்ப அடுத்த வருஷம் கப்பு வந்துடும்ன்றீங்க"ன்னாரு, கிண்டலாத்தான்.

"வரும்."

"வரலன்னா?"

"அதுக்கடுத்த வருஷம் வரும்."

"உங்களுக்கு என்னம்மா இதுல?"

அந்தக் கேள்விக்கு ஊர்ல ஆயிரம் பதில் சொல்லியிருக்கேன், சண்டையா, கிண்டலா. அன்னிக்கு சண்டையும் போடல, கிண்டலும் பண்ணல. "எனக்குப் பாக்கணும் சார்"ன்னேன்.

அவரு கண்ணாடியை எடுத்துத் திரும்ப மாட்டிகினாரு. அப்பறம் மணியை அடிச்சு, மாஸ்டரை உள்ள வரச் சொன்னாரு. நான் வெளில வந்து, "போங்க, தலையைக் குனிஞ்சுகினு நிக்காதீங்க"ன்னு அவரை உள்ள தள்ளிட்டு, பெஞ்சுல அவர் பைக்குப் பக்கத்துல உக்காந்தேன். முருகா, முருகான்னு வாய் முணுமுணுக்குது. பியூன் என்னை மொறைச்சான். நானும் மொறைச்சேன்.

கதவு தொறந்துது. மாஸ்டரு வெளில வந்தாரு. பையோட ஜிப்பை இழுத்து, உள்ளேர்ந்து விசிலை எடுத்துக் கழுத்துல மாட்டிகினு, கிரவுண்டைப் பாத்து நடந்தாரு. பையை எடுத்துகினு நான் பின்னாலயே போனேன்.