சனிக்கிழமை வேடம்

அம்சவல்லிக்கு வாய்தான் நீளம், மனசில் ஒன்றும் இல்லை என்று தோட்டத்து லைன் வீடுகளில் சொல்வார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவள். மெஷின் நின்றால் சனியன், மழை பிடித்துக்கொண்டால் சனியன், அடுப்பில் கேஸ் தீர்ந்தாலும் சனியன்தான். அந்தச் சொல்லை அதிகம் வாங்கிக்கொண்டவர் அவள் கணவர் தங்கையா. கொழுந்து ஏற்றிய லோரி சரிவில் புரண்டதில் இடது கால் வளைந்துபோய், இப்போது கேட்டில் காவல் இருக்கிறார். தானா ராத்தா டவுனுக்குச் சாமான் வாங்கப் போனால், அவள் முன்னால் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டு கத்துவாள். அவர் சிரித்தபடியே வந்து சேர்வார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவள் இத்தனை வருஷம் பேசினாள்.

மகள் ரூபினி தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. அவளுடைய ஆசிரியர் யோகேந்திரன் ஒருநாள் கிழமைகளின் பெயர்களைப் பற்றிப் பாடம் நடத்தினார். மலாயில் ஞாயிறு அஹாட், அதாவது ஒன்று; திங்கள் இஸ்னின், அதாவது இரண்டு. அரபு மொழியிலிருந்து வந்த எண்ணிக்கை அது. நாமோ வானத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறோம். ஞாயிறு சூரியன், திங்கள் நிலா, செவ்வாய் சிவந்த கோள், வெள்ளி வெண்மையாக மின்னுவது. சனி மிக மெதுவாக நகர்வது, புராணத்தில் சனி பகவானுக்குக் கால் ஊனம் என்றும் சொன்னார்.

பெற்றோர் தினத்தில் ஏழு பிள்ளைகள் ஏழு கிழமைகளாக மேடையேறுவதாக ஏற்பாடு. ரூபினிக்குச் சனிக்கிழமை. அம்சவல்லியே கறுப்புத் துணி வாங்கி ஆசையாகத் தைத்துக் கொடுத்தாள்.

ஞாயிறு மஞ்சள் அட்டையோடு வந்தது. வெள்ளி ஜிகினா ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசியாக ரூபினி வந்தாள். தோளைச் சாய்த்து, இடுப்பில் கை ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். பாதி மேடையில் நின்று, வேறொரு குரலில் சொன்னாள்:

"சனியனே, பஸ் போயிரும்லா, காலை எடுத்து வைய்யா."

மண்டபம் சிரித்தது. பக்கத்தில் இருந்தவள் அம்சவல்லியின் தொடையைத் தட்டி, அச்சு அசல் உன் குரல் என்றாள். தங்கையா கைதட்டினார். அம்சவல்லியால் தலையைத் தூக்க முடியவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளை அடிக்கக் கை ஓங்கினாள். ரூபினி மிரண்டு போனாள். சார் சொன்னதைத்தானே செய்தேன், அப்பாதானே சனி என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை. பாடத்தில் வந்தவரும் வீட்டில் இருப்பவரும் ஒருவரே என்று நிஜமாகவே நினைத்திருந்தாள். ஓங்கிய கை இறங்கிவிட்டது.

"புள்ளய ஏன் அடிக்கப் போற?" என்றார் தங்கையா. "நீ சொல்றது எனக்குப் பழகிப்போச்சு. ஆனா நான் எப்படி நடக்குறேன்னு இன்னிக்குத்தான் பார்த்தேன்."

அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். அம்சவல்லி சமைக்கவில்லை. ரூபினிதான் ரொட்டியும் தேநீரும் எடுத்து வந்து வைத்தாள்.

அது அதோடு முடியவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் கேட்டைக் கடக்கும்போதெல்லாம், "சனி மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் கையை ஆட்டினார். ஒருநாள் வேலை விட்டு வரும்போது அதைக் கேட்ட அம்சவல்லி ஒரு சிறுமியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள்.

"நீங்க கூப்பிடுற பேருதானே, ஆன்டி?"

சுற்றிலும் பெண்கள் நின்றிருந்தார்கள். பிடித்திருந்த கையை விட்டாள்.

அன்று மாலை வீடு வீடாகப் போனாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. வாசலிலேயே நின்று, தப்பு தன் வாயில்தான், பிள்ளைகளைத் திட்ட வேண்டாம், அவரைத் தங்கையா மாமா என்று கூப்பிடச் சொன்னால் போதும் என்றாள். சிலர் இதற்கெல்லாமா வருவாய் என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் நின்று வாங்கிக்கொண்டாள்.

பெரிய பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். சின்னதுகள் இன்னும் மறந்துபோய்க் கூப்பிடுகின்றன. தங்கையா திரும்பிப் பார்க்கிறார். அம்சவல்லி அந்நேரம் பக்கத்தில் இருந்தால், தரையைப் பார்க்கிறாள்.