ஃபங்ஷனுக்கு வெளியே ஒரு கோடி இறால்

செங்கல்பட்டு ஹெலனுக்கு மாமல்லபுரத்தைத் தாண்டி ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் வேலை. தொட்டியில் நீந்தும் ஒவ்வொரு குஞ்சுக்கும் கம்ப்யூட்டரில் தனி நம்பர் வேண்டும் என்று முதலாளி ஜெகதீசன் ஒற்றைக் காலில் நின்றார்.

"குஞ்ச எப்படி சார் அடையாளம் கண்டுபுடிப்பீங்க?"

"நீ எடத்த ஒதுக்கும்மா. மத்தத நான் பாத்துக்கறேன்."

ஹெலன் சி மொழியில் புரோகிராம் எழுதினாள். ஆயிரம் குஞ்சுக்கு நன்றாக ஓடியது. நம்பர்களை வரிசையாக வைக்கும் அர்ரேயின் அளவை ஒரு கோடி என்று மாற்றியதும், 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று சொல்லிப் புரோகிராம் படுத்துவிட்டது. மெமரி போதவில்லை என்று ஜெகதீசன் கம்ப்யூட்டருக்குப் புது ராம் வாங்கிப் போட்டார். மறுபடியும் படுத்தது. இன்னும் பெரிய ராம் போட்டார். அப்போதும் அதே கதைதான்.

ஜெகதீசனின் தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. தொட்டிகளுக்கு நடுவிலேயே பந்தி போட்டிருந்தார்கள். தாய்மாமன் மடியில் குழந்தை. ஆசாரி ஊசியை எடுத்த நேரத்தில் ஆபீஸ் அறையிலிருந்து ஹெலன் ஓடி வந்தாள்.

"சார், கண்டுபுடிச்சிட்டேன்! ராம் எக்கச்சக்கமா கீது. இறால ஃபங்ஷனுக்குள்ள வச்சதுதான் தப்பு. உள்ள ஸ்டாக்குன்னு சின்ன எடம், எட்டு எம்.பி.தான். நம்மளுக்கு நாப்பது வேணும். ஃபங்ஷனுக்கு வெளிய வச்சா ஓடும்!"

சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பி ஓடினாள்.

ஜெகதீசன் சுற்றிலும் பார்த்தார். இந்தப் பக்கம் சொந்தக்காரர்கள், அந்தப் பக்கம் இறால்.

"படிச்ச பொண்ணு சொல்லுது. ஒரு கோடி இறால நகத்த முடியுமா? ஃபங்ஷன நகத்துங்கப்பா!"

இலையோடு எழுந்தவர்கள் சவுக்குத் தோப்புக்கு நடந்தார்கள். ஊசியோடு ஆசாரி பின்னால் ஓடினார். கடல்காற்றில் சாம்பாரில் மணல் விழுந்தது.

ஹெலன் அர்ரேயை புரோகிராமில் 'மெயின்' என்ற ஃபங்ஷனுக்கு வெளியே, அதற்கு மேலே நகர்த்தி ஓடவிட்டாள். ஒரு கோடி குஞ்சும் முனகாமல் உள்ளே போயின. சந்தோஷத்தில் வெளியே வந்தவள் காலிப் பந்தியைப் பார்த்துத் திகைத்தாள்.

"ஓடுதாம்மா?" தோப்பிலிருந்து ஜெகதீசன் கத்தினார்.

"ஓடுது சார். ஆனா நான் சொன்ன ஃபங்ஷன்..."

"இன்னா ஃபங்ஷனா இருந்தா இன்னா? ஓடுதில்ல! வா, வந்து சாப்புடு."

அவர் முகத்தில் அத்தனை பெருமை. ஹெலனுக்கு விளக்க மனம் வரவில்லை. மணல் வடையைக் கடித்தாள்.

அடுத்த மாதம் அச்சரப்பாக்கத்திலிருந்து யாரோ ஃபோன் செய்தார்கள். அவர்கள் வீட்டு வளைகாப்பை எங்கே வைத்தால் கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடும் என்று கேட்டார்கள்.