ஆயுசு உள்ளவரை வாடகை

அம்மா செத்து வருஷம் திரும்புவதற்குள் நைனா மறு கல்யாணத்துக்குத் தயாராகிவிட்டார். தாய்மாமன் பலமனேரிலிருந்து பஸ் ஏறி வந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார். திருப்பதியில் அலிபிரிக்குப் போகிற ரோட்டில் அம்மாவின் நகைகளை விற்றுக் கட்டிய வாடகை வீடுகளை முதலில் என் பேருக்கு எழுத வேண்டும், பிறகு யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்றார். ஆந்திர ராஜ்யம் புதிதாக வந்திருந்த சமயம் அது. எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்பதே எல்லோருக்கும் பேச்சு. மாமனுக்கு அந்தக் கவலை இல்லை. எந்த ராஜ்யமானாலும் வீடு வீடுதானே என்றார்.

நைனா ஒத்துக்கொண்டார். ஆனால் அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. வீடுகள் எனக்கு, வாடகை மட்டும் தன் ஆயுசு உள்ளவரை தனக்கு என்று பத்திரத்தில் எழுத வைத்தார். எனக்குப் பதினோரு வயசு. மைனர் என்பதால் மாமன்தான் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டார். நான் ரிஜிஸ்டர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் மாமன், "இனிமே நீதான் வூட்டுக்காரம்மா" என்றார்.

"வாடகை என்னுது, ஞாபகம் வச்சிக்கோ" என்றார் நைனா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். நகையைக் கொடுத்தவளைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த மாதம் சின்னம்மா வந்தாள். நகரியில் தறிக்காரர் வீட்டுப் பெண். என்னிடம் பாசம் கொட்டி நடிக்கவும் இல்லை, கரித்துக் கொட்டவும் இல்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. நைனா நடத்திய ஜவுளிக் கடையும் கொஞ்ச நாளில் படுத்துவிட்டது. பிறகு வாடகையில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

நைனாவின் உடம்பை அவள் பார்த்துக்கொண்டது மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். பானைத் தண்ணீர் கூடாது, ராத்திரியில் தயிர் கூடாது, மலைக்கு நடந்து ஏறவே கூடாது. புருஷன் மேல் இத்தனை ஆசையா என்று நினைத்துக்கொள்வேன். விவரம் தெரிந்த பிறகு இன்னொன்றும் புரிந்தது. அவர் மூச்சு நின்றால் அன்றைக்கே வாடகை என்னுடையதாகிவிடும். அவள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

என்னைத் திருத்தணியில் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தபோதே திருப்பதி வீடுகளைத் துருவித் துருவி விசாரித்தவர்கள், வாடகை விஷயத்தைத் தாலி ஏறிய பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். மாமியாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. திருத்தணி மெட்ராஸ் பக்கம் சேர்ந்ததும் மாமியார் வீட்டில் புதுப் பேச்சு கிளம்பியது.

"வேற ராஜ்யத்துல வூட்ட வச்சிக்கினு இன்னா பண்றது? கைக்கு வந்ததும் வித்துடலாம்."

கைக்கு வருவதற்கு என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் திருப்பதி போய்வந்தால் மாமியார் செம்புத் தண்ணீரை நீட்டிக்கொண்டே, "நைனாவுக்கு ஒடம்பு எப்பிடி கீது?" என்பாள். நல்லா இருக்கார் என்றால் "அப்பிடியா" என்று உள்ளே போய்விடுவாள். ஒரு தடவை காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கறிக்குழம்பில் பார்த்துப் பார்த்து நல்ல துண்டாக எடுத்து எனக்குப் போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை உதறிவிட்டு எழுந்துவிட்டேன். என் புருஷன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார்.

சில வருஷம் கழித்து ஒருநாள் போனபோது நைனா ரொம்ப இளைத்திருந்தார். சின்னம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். பேசிக்கொண்டிருந்தவர் அடிக்கடி எழுந்து பின்பக்கம் போனார். என்னவென்று நானும் போய்ப் பார்த்தேன். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, துண்டை வாயில் அடைத்து இருமிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விறைப்பாக நிமிர்ந்தார்.

"எத்தினி நாளா நைனா இது?"

"ஒண்ணுமில்ல. உங்க சின்னம்மாகிட்ட சொல்லாத, பயந்துக்குவா."

"எங்கிட்ட எதுக்கு மறைக்கற? நான் பயந்துக்குவனா?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் துண்டை மடித்துக் கக்கத்தில் செருகினார். எனக்குச் சுரீர் என்றது. அவள் பயந்துவிடுவாள் என்று அவளிடம் மறைத்திருக்கிறார். நான் சந்தோஷப்பட்டுவிடுவேனோ என்று என்னிடம் மறைத்திருக்கிறார். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பெற்ற மகள் எதிரில் இருமுவதற்கு ஒரு மனுஷன் பயப்பட வேண்டியிருக்கிறது.

சின்னம்மா கூடையோடு வந்தாள். இரண்டு பேரையும் உட்கார வைத்தேன்.

"நைனாவுக்கு அப்புறமும் வாடகை உனக்குத்தான் சின்னம்மா. நீ இருக்கறவரைக்கும். நான் மேஜர்தான், எழுதிக் குடுத்துடறேன்."

சின்னம்மா கூடையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "உங்க மாமியாரு சும்மா வுடுவாங்களா?" என்றாள்.

"வூடு எம் பேர்ல கீது. அவங்க பேர்ல இல்ல."

நைனா ஏதோ சொல்ல வாயெடுத்தார். முடியவில்லை. எங்கள் இரண்டு பேர் எதிரிலேயே, துண்டைத் தேடாமல், நெஞ்சு குலுங்க இருமத் தொடங்கினார். சின்னம்மா முதுகைத் தடவினாள், நான் அவர் நெஞ்சைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். எத்தனை நாள் அடக்கி வைத்திருந்தாரோ, வெகுநேரம் இருமினார்.