றலியாவுக்கு ஒரு ஸலாம்

கண்டிப் பக்கம் திகனயில் கலவரக்காரர்கள் கடையை எரித்தபோதுகூட ஸெய்னுலாப்தீன் நாட்டை விட்டுப் போக நினைக்கவில்லை. கரியைக் கழுவி, வெள்ளையடித்து, மறுபடியும் துணி விற்றார். கொரோனாவில் இறந்த மனைவி றலியாவை மண்ணில் அடக்கவிடாமல் அரசாங்கம் எரித்ததே, அதற்குப் பிறகுதான் கனடாவுக்கு விண்ணப்பித்தார்.

பயணம் போகிறவர்கள் மையவாடிக்குப் போய், அங்கே அடங்கியிருக்கும் சொந்தங்களுக்கு ஸலாம் சொல்வது எங்கள் வழக்கம். விசா வந்ததும் பதினாறு வயது மகன் நஸீபைக் கூட்டிக்கொண்டு போனார். தன் வாப்பாவின் கபுறடியில் அவர் கையேந்தி நின்றபோது நஸீப் கேட்டான்:

"உம்மாக்கு எங்க போய் ஸலாம் சொல்ற, வாப்பா?"

ஸெய்னுலாப்தீன் கையை இறக்கிக்கொண்டார்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில், றலியாவை எரித்த தகனசாலை வாசலில் வேனை நிறுத்தச் சொன்னார். உள்ளே வேறு யாரையோ எரித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் அந்தப் புகைக்கு ஸலாம் சொன்னார்கள்.