தடுப்பில் வெட்டிய கிளிவாதில்

சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். நாலு பேர் கூடி நின்றால் எனக்கு வாய் திறக்காது. ஆனால் பலகை அறுக்கும் ஜிக்சா மெஷினுக்கு பிளேடு கேட்டு யாராவது வந்தால் மட்டும் நானே கேள்வி கேட்பேன். என்ன பலகை? எவ்வளவு கனம்? மைக்கா ஒட்டியதா? மெஷினில் பிளேடு மாட்டும் இடம் எந்த வகை? பழைய பிளேடைக் கொண்டுவந்தால் பார்த்துத் தருவேன். மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கச் சொல்வேன். வெட்டி முடித்த உடனே பிளேடைத் தொடாதீர்கள், சுடும் என்பேன். இவ்வளவு சொல்லும் நான் அந்த மெஷினை ஒரு தடவைகூட ஓட்டியதில்லை.

நான் இருப்பது கரமனையில் ஒரு வாடகை வீட்டில். ஒரே வீட்டை நடுவில் பிளைவுட் தடுப்பு வைத்து இரண்டாக்கியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் நான் ஒருத்தி. அந்தப் பக்கம், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்துவந்த ஓர் அக்கா. அவரும் தனிதான். குழாயடியில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். கடையில் ஊருக்குப் போயிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அக்காவின் மிக்சி ஓடுவது கேட்டது. தடுப்பைத் தட்டக் கையைத் தூக்கினேன். சமையல் நேரத்தில் தொந்தரவு எதற்கு என்று கையை இறக்கிவிட்டேன். நாலாவது நாள் நானே எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

"ஒரு ஒச்சை வெச்சா போதாதா? செத்துக் கெடந்தாலும் எனக்குத் தெரியாதில்லே?" என்று திட்டினார். "இந்தப் பலகையில ஒரு கிளிவாதில் வெட்டு. ஒங்கடையிலதானே எல்லாச் சாமானும் கெடக்கு." ஒச்சை என்றால் சத்தம், கிளிவாதில் என்றால் சின்ன ஜன்னல்.

வீட்டுக்காரர் சரி என்றார். முதலாளியிடம் மெஷினையும் ஒரு டிரில்லையும் இரவல் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆனது. பிளேடை எடுக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. சாதாரண பிளேடின் பல் மெஷினைப் பார்த்து இருக்கும், மெஷின் நிற்கும் பக்கத்து மைக்காவைச் சில்லுச் சில்லாக உடைக்கும். மைக்கா என் பக்கம். அதனால் பல் எதிர்ப்பக்கம் பார்க்கிற பொடிப்பல் பிளேடு எடுத்தேன். அது மெஷினைப் பின்னால் தள்ளும், அழுத்திப் பிடிக்க வேண்டும். பலகையைத் தாண்டி நீளுமா என்றும் அளந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடிதாரின் ஷாலைக் கழற்றி வைத்துவிட்டு, தூள் படாமல் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டினேன். என் சுவிட்ச் போர்டும் அந்தத் தடுப்பில்தான் இருந்தது. மைக்காவுக்கு அடியில் வயர் எப்படிப் போகிறதோ என்ற பயத்தில் மெயினை அணைத்தேன். டிரில்லை அமுக்கினேன். சத்தமே இல்லை. திரும்பத் திரும்ப அமுக்கினேன்.

"தொடங்கியாச்சா?" என்றார் அந்தப் பக்கத்திலிருந்து அக்கா.

"ஓட மாட்டேங்குது. மெயினெல்லாம் அணைச்சாச்சு அக்கா."

அக்கா பலகை அதிரச் சிரித்தார். "பின்ன எப்படிடி ஓடும்? கடையில இதையா சொல்லிக் குடுக்கே?"

வயரை அவர் வீட்டிலிருந்து இழுக்க வேண்டும். அதைக் கேட்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றேன். அதற்குள் எக்ஸ்டென்ஷனை வராந்தா வழியாக என் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். அவர் பக்கத்து வயர்கள் எதிர்ச்சுவரில் ஓடின, அதனால் பயமில்லை.

பிளேடு நுழைய, வெட்ட வேண்டிய இடத்தின் நாலு மூலையிலும் துளை போட்டேன். வெட்டுகிற துண்டு தொங்கினால் பிளேடை நெரிக்கும். அதை அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பிடித்தாக வேண்டும். ஆனால் பிளேடின் முனை வெளிவருவதும் அந்தப் பக்கத்தில்தான். துண்டின் நடுவில், அவர் பக்கமாக, ஒரு மேசை டிராயர் கைப்பிடியைத் திருகிக் கொடுத்து, இதைத் தவிர எங்கேயும் தொடக் கூடாது என்று சொன்னேன். அப்படியும் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் மெஷினை நிறுத்தி, "அக்கா, கை எங்கே?" என்று கத்தினேன்.

"கை என்னோடதான் இருக்கு. நீ வெட்டு."

கடைசிப் பக்கம் முடிந்ததும் பிளேடு முழுதாக நிற்கும்வரை காத்திருந்து மெஷினை எடுத்தேன். துண்டு என்னைவிட்டு அந்தப் பக்கமாகப் போனது. அந்த இடத்தில் அக்காவின் முகம் இருந்தது. முடியெல்லாம் மரத்தூள்.

அந்தத் துண்டையே கீல் வைத்துக் கதவாக்கினோம். தாழ்ப்பாளை என் பக்கம் போடச் சொன்னார். "ஏழு மணிக்கு நீ திறக்கணும். திறக்கலேன்னா நான் வருவேன்."

தினமும் ஏழு மணிக்குத் திறக்கிறேன். "ம்" என்பார். நானும் "ம்" என்பேன். மூடிவிட்டுக் கடைக்குக் கிளம்புவேன். பல நாட்களில் அன்றைக்கு நான் பேசும் முதல் பேச்சு அதுதான். கடைக்கு வெளியே வேறு பேச்சும் இருக்காது.

போன வாரம் ஒருநாள் வேண்டுமென்றே திறக்காமல் படுத்திருந்தேன். ஏழு ஆனது. சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு ஐந்துக்கு வாசல் கதவு படபடவென்று அதிர்ந்தது. செருப்புகூடப் போடாமல் வந்திருந்தார்.

தூங்கிவிட்டேன் அக்கா என்று சொன்னேன்.